எஸ்போசிட்டோ வகையறா

என் மகளுக்கு எங்கள் குலசாமி கோயிலில் தாலி கட்டலாமா கூடாதா என்பதை ஒரு பெயரை வைத்து முடிவு செய்யப்போவதாக எங்கள் பங்காளிகள் சொன்னார்கள். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் எனக்கு இறங்கவில்லை. அந்தப் பெயர் எங்கள் பக்கத்துப் பெயர்கூட இல்லை. இத்தாலி தேசத்தில் கடலோரமாக நேப்பிள்ஸ் என்று ஒரு பட்டணம் இருக்கிறது. அங்கே புழங்குகிற குடும்பப் பெயர் அது. எஸ்போசிட்டோ. என் மருமகனின் பெயர்.

நான் சங்கராபுரம் பக்கத்தில் கொஞ்சம் கரும்பும் மரவள்ளியும் வைத்துப் பிழைக்கிறவன். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் பேச எனக்கு வராது. கல்யாண வீடுகளில் சாம்பார் வாளியை முதலில் போய் வாங்கிக்கொள்வேன். வாளி கையில் இருக்கிறவனிடம் யாரும் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவன் பங்காளிக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன் என்றால் எவ்வளவு தூரத்துக்குத் தள்ளியிருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள் கள்ளக்குறிச்சியில் காலேஜ் முடித்து, உதவித்தொகை கிடைத்து, மேல்படிப்புக்கு அந்த நாட்டுக்குப் போனாள். பால் சோதிக்கிற லேபில் வேலையும் அங்கேயே கிடைத்தது. ரயில் பெட்டி பழுது பார்க்கிற பட்டறையில் வேலை செய்கிற ஒருவரை அவளுக்குப் பிடித்துப்போனது. எங்களிடம் மறைக்கவில்லை. சொல்லிவிட்டு, அந்த ஊர் நகராட்சி ஆபீசில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சட்டப்படி கல்யாணம் முடிந்துவிட்டது. அவள் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்.

“குலசாமி கோயில்ல தாலி கட்டணும்ப்பா. பங்காளிங்க எல்லாரும் நிக்கணும். நான் இன்னாமோ ஓடிப்போயி கட்டிக்கினவ மாதிரி ஆயிடக் கூடாது.”

எங்கள் குலசாமி கல்வராயன் மலை அடிவாரத்தில் ஓடையை ஒட்டி இருக்கிறது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுப் பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து நடத்துகிற கோயில். யார் வீட்டுக் கல்யாணம் அங்கே நடக்க வேண்டுமானாலும் பங்காளிகள் கூடி வெற்றிலை பாக்கு எடுக்க வேண்டும். எடுத்தால் சம்மதம் என்று அர்த்தம். சாமியின் வேலும் அரிவாளும் இருக்கிற அறைச் சாவி பங்காளிகளில் மூத்தவரிடம் இருக்கும். அவர் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. ஊரே அவரைப் பெரியவர் என்றுதான் சொல்லும். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஒரு நாள் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தபோது பெரியவர் வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு வயலுக்கே வந்துவிட்டார்.

“மாப்ள இன்னா வகையறாடா?”

“வெள்ளக்காரங்கண்ணா.”

“வெள்ளக்காரன்னா வானத்துலருந்தா வுழுந்தான்? அவனுக்கும் பாட்டன் பூட்டன் இருப்பான் இல்ல. கேட்டுச் சொல்லு. பத்திரிகையில போடணும்.”

எங்கள் பக்கத்தில் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் வைத்துக்கொள்கிற வழக்கம் இல்லை. முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து இருக்கும், அவ்வளவுதான். ஆனால் பெண் எடுக்கவோ கொடுக்கவோ போனால் முதலில் கேட்பது வகையறாவைத்தான். ஒரே வகையறா என்றால் பங்காளி. பங்காளிக்குள் ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கை. எத்தனை தலைமுறை தள்ளி இருந்தாலும் கட்டக் கூடாது. நாங்கள் மூட்டைக்காரர் வகையறா. எங்கள் முன்னோர் ஒருவர் தலையில் ஒரு மூட்டையோடு மேற்கே இருந்து வந்து இங்கே குடியேறினாராம். மூட்டை நிறைய தங்கம் இருந்தது என்று பெரியவர் சொல்வார். அந்தத் தங்கத்தை எங்களில் யாரும் பார்த்ததில்லை.

மகளிடம் கேட்டேன். சிரித்தாள். “வகையறான்னு இல்லப்பா, குடும்பப் பேருன்னு ஒண்ணு இருக்கும். எஸ்போசிட்டோ” என்றாள். வாயில் நுழைகிறவரை வரப்பில் நடந்துகொண்டே சொல்லிப் பழகி, பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, “கேக்க எடுப்பாத்தான் இருக்கு” என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பத்திரிகையின் முதல் அச்சு கள்ளக்குறிச்சி பிரஸ்ஸிலிருந்து வந்தது. எங்கள் வழக்கப்படி மணமகன், மணமகள் இரண்டு பேருக்கும் அப்பா, அம்மா, அவரவர் பிறந்த வகையறா எல்லாம் போட்டாக வேண்டும். மருமகனுடைய அப்பா அம்மா பெயரை மகள் போனில் அனுப்பியிருந்தாள். அனுப்பினபடியே அச்சாகியிருந்தது. பெரியவரும் அவர் சம்சாரமும் எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே பார்த்தார்கள். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“அப்பன் எஸ்போசிட்டோ. சரி. ஆத்தா பேருக்கும் அதே எஸ்போசிட்டோ போட்டுக்கீது?”

“கண்ணாலம் ஆனதுக்கு அப்பறம் வூட்டுக்காரரு பேர வெச்சிக்கினு இருப்பாங்கங்க” என்றாள் என் மனைவி.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் கொஞ்ச நாள் முன்னால் வீடியோ காலில் மகள் பங்காளி வீட்டுப் பெண்கள் எல்லாரிடமும் பேசியபோது பெருமையாக ஒன்று சொல்லியிருந்தாள். அந்த நாட்டில் பெண்கள் கல்யாணமானாலும் பெயரை மாற்ற மாட்டார்கள், பிறந்த வீட்டுப் பெயர்தான் சாகும்வரை, அதனால் தானும் அப்பா பெயரோடுதான் இருக்கப்போகிறேன் என்று. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் அவள் என் பெயரைத்தான் எழுதியிருந்தாள். அதைக் கேட்டு எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. பெரியவர் சம்சாரமும் அன்றைக்கு அங்கே இருந்தார்.

“அங்க பேர மாத்த மாட்டாங்கன்னு ஒங்க பொண்ணுதான சொல்லிச்சு” என்றார் அவர்.

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். “அப்ப அந்தம்மா பொறந்ததே அந்த வகையறாவுலதான். பங்காளிக்குள்ளயே கட்டிக்கினு புள்ள பெத்திருக்காங்க. அண்ணன் தங்கச்சி.”

காபியை முழுதாகக் குடிக்காமல் எழுந்து போனார்.

பங்காளி முறை தப்பினது என்பது எங்களில் கொலையை விடப் பெரிய பேச்சு. சாயங்காலத்துக்குள் அது எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. பங்காளிகளுக்கென்று போனில் ஒரு குரூப் இருக்கிறது. திருவிழா வரி, துக்கச் செய்தி எல்லாம் அதில்தான் வரும். அதில் ஒருவன் வாந்தி எடுக்கிற பொம்மையைப் போட்டான். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். போட்டவர்களில் பாதிப் பேரை நான் தூக்கி வளர்த்திருக்கிறேன். கண்காணாத தேசத்தில் இருக்கிற, பேசின பாவம்கூட இல்லாத ஒரு தகப்பனையும் தாயையும் இப்படிப் பேச இவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. பதிலுக்கு எழுதத் தெரியவில்லை. போனை அணைத்து வைத்தேன்.

நைனார்பாளையத்திலிருந்து மனைவியின் தம்பி கூப்பிட்டான். “மாமா, புருசன் பேருதான்னு ஒரே சாதனையா சாதிச்சிருக்கலாம். ஒங்க பொண்ணு வாய வெச்சிக்கினு சொம்மா இருந்தாத்தான” என்றான். அவன் எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வான். அன்றைக்கு அதுவும் எனக்குச் சுருக்கென்றது.

மகளிடம் சொன்னேன். இதற்கும் சிரித்தாள். பிறகு நான் சிரிக்கவில்லை என்று தெரிந்து நிறுத்திக்கொண்டாள்.

“அப்பா, அந்தப் பேரு இருக்கறவங்க ஒருத்தருக்கொருத்தரு சொந்தமே கெடையாது. அந்த ஊர்ல எங்க திரும்பினாலும் அந்தப் பேருதான். பக்கத்து வூடு, பஸ் டிரைவர், பல் டாக்டர், எல்லாம் அதுதான்.”

“அப்படி எப்படிம்மா வரும்?”

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னாள். பக்கத்திலிருந்து மருமகன் சொல்லச் சொல்ல அவள் தமிழில் சொன்னாள்.

முன்காலத்தில் அந்தப் பட்டணத்தில் மாதா கோயிலைச் சேர்ந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. அதன் சுவரில் ஒரு துளை. துளைக்குள் மரத்தால் செய்த உருளை, பீப்பாய் மாதிரி, சுற்றும். குழந்தையை வளர்க்க முடியாதவர்கள், வறுமைப்பட்டவர்கள், கல்யாணமாகாமல் பெற்றவர்கள் தெருவிலிருந்து அந்த உருளைக்குள் குழந்தையை வைத்துச் சுற்றிவிட்டு மணியை அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். உருளை சுற்றினால் குழந்தை சுவருக்கு உள்பக்கம் போய்விடும். வைத்தவர் முகத்தை உள்ளே இருப்பவர் பார்க்க மாட்டார். உள்ளே இருக்கிற பெண்கள் எடுத்துக் குளிப்பாட்டி, பால் கொடுக்க ஆள் வைத்து வளர்ப்பார்கள். அந்தக் குழந்தைகளுக்கு அப்பன் பெயர் கிடையாது. அதனால் எல்லாருக்கும் ஒரே குடும்பப் பெயர். எஸ்போசிட்டோ. வெளியே வைக்கப்பட்டது என்று அர்த்தமாம்.

அந்தப் பெயரைக் கேட்டதுமே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது, பிள்ளைகள் காலமெல்லாம் தலைகுனிய வேண்டியிருக்கிறது என்று பிற்காலத்தில் அரசாங்கமே அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டது. அதற்குள் அந்தப் பெயரோடு வளர்ந்தவர்கள் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, பட்டணம் முழுக்கப் பரவிவிட்டார்கள்.

“அவங்க அப்பா வழியில ஒரு கொழந்த. அம்மா வழியில வேற ஒரு கொழந்த. எந்தக் காலத்துல யாரு பெத்துதோ. ரெண்டுக்கும் ஒரே பேர வெச்சிட்டாங்க, அவ்ளோதான். முறையெல்லாம் ஒண்ணும் தப்பல. பெரியப்பாகிட்ட சொல்லுப்பா.”

மருமகன் பின்னாலிருந்து ஏதோ சொன்னார். “இன்னா சொல்றாரு?” என்றேன். “எங்க வகையறாதான் ஊர்லயே பெருசு, எலக்‌ஷன்ல நின்னா ஜெயிச்சிடுவோம்ங்கறாரு” என்றாள். அதில் வெட்கப்படுவதற்கு ஒன்றும் இல்லை என்பதுபோல் இருந்தது அவர் குரல். எனக்கு அது பிடித்திருந்தது. பங்காளிகள் வாயை அடைக்க ஒரு பதில் கிடைத்துவிட்டது என்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூடினோம். மரத்தடியில் ஜமக்காளம் விரித்து ஆண்கள் உட்கார்ந்தோம். தாய்மாமன் என்கிற முறையில் மனைவியின் தம்பியும் வந்து ஓரமாக உட்கார்ந்தான். அடுப்பு மூட்டிய பக்கம் பெண்கள். வெற்றிலைத் தட்டு நடுவில் இருந்தது. பெரியவர் என்னைப் பார்த்து, “சொல்றத எழுந்து நின்னு சொல்லு” என்றார்.

சொன்னேன். சுவரையும் உருளையையும் கையால் காட்டிச் சொன்னேன். எல்லாரும் உன்னிப்பாகக் கேட்டார்கள். முடித்ததும் ஒருவர், “அப்ப முறை தப்பல” என்றார். “தப்பல, தப்பல” என்று இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். உட்காரப்போனேன்.

“இரு” என்றார் பெரியவர். “முறை தப்பல. சரி. அப்ப பெத்தவ வேணாம்னு வுட்டுட்டுப் போன புள்ளைங்க வகையறா அது. அதான?”

“சுருக்கமா தொட்டில் கொழந்தன்னு சொல்லுங்க” என்றான் இளவட்டத்தில் ஒருவன். சிரிப்பு எழுந்தது.

எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. பெண் குழந்தை வேண்டாம் என்றால் கொன்றுவிடாதீர்கள், இதில் போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசாங்கமே ஆஸ்பத்திரிகளில் தொட்டில் வைத்த சீமை இது. ஏதோ எட்டாத தேசத்தில் எந்தக் காலத்திலோ நடந்ததைக் கேட்டு இவர்கள் சிரித்தார்கள். தொட்டில் வைக்க வேண்டிய அளவுக்கு நாம் நடந்துகொண்டோம் என்பது ஒருவர் முகத்திலும் தெரியவில்லை.

அப்போது டீ ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் பாத்திரத்தைக் கீழே வைத்தார். பெரியவருடைய கூடப் பிறந்த தம்பியின் சம்சாரம். எனக்கு அண்ணி முறை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு யாரையும் பார்க்காமல் ஓடைப் பக்கம் நடந்து போனார். சிரிப்பு அடங்கியது. ஏன் போகிறார் என்று அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அவருக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது அதைத் தொட்டிலுக்குக் கொண்டுபோனார்கள். வாடகைக் கார் பிடித்துக் கூட்டிப்போனவர் பெரியவர். எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் பேசுவதில்லை.

பெரியவர் ஓடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஒரு வழி இருக்கு. அந்தப் பேர எடுத்துடு. உன் மச்சான் வகையறாவுல ஒரு புருசன் பொண்டாட்டி மாப்ளைக்கு அப்பா அம்மான்னு மணையில குந்தட்டும். பத்திரிகையில அந்த வகையறாவையே போட்டுடு. மாப்ளைக்கும் நம்ம பேரா ஒண்ணு வெச்சிடலாம். ஊருக்கும் மரியாத. சாமியும் ஒத்துக்கும்.”

ஓரத்திலிருந்து மனைவியின் தம்பி வாயைத் திறந்தான். “எங்க வகையறாவுல ஆளு கம்மியா இருக்குதுன்னு ஒங்ககிட்ட யாருங்க சொன்னது?”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவன் விடவில்லை.

“எனக்கு ரொம்ப நாளா ஒரு டவுட்டுங்க. மூட்டைக்காரரு வகையறாங்கறீங்க. அந்த மூட்டைய யாராச்சும் அவுத்துப் பாத்தீங்களா? பஞ்சத்துல பொழைக்க வந்த மனுசன், கந்தத்துணி மூட்டைன்னுதான் எங்க பக்கத்துல பேசிக்கறாங்க. அப்ப அவரு எந்த வகையறான்னு இங்க இருந்தவங்க கேட்டிருந்தா இன்னாத்த சொல்லியிருப்பாரு?”

“நீ சம்மந்தி. பங்காளி பேச்சுல வாய வெக்காத” என்றார் பெரியவர்.

“சரிங்க. பேசல.”

நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

“அவரு அப்பா அம்மா உசுரோட இருக்காங்கண்ணா” என்றேன். “இங்க வரதுக்கு டிக்கெட்டே எடுத்துட்டாங்க. அவங்கள பக்கத்துல நிக்க வெச்சிக்கினு வேற யாரையோ அப்பா அம்மான்னு குந்த வெக்கறதா?”

“ஓரமா சேர் போடு, குந்தட்டும். வெள்ளக்காரங்களுக்கு இன்னா தெரியப்போவுது.”

இந்த வார்த்தைதான். பெற்றவர் பெயர் தெரியாத பிள்ளைகளுக்கு யாரோ ஒரு பெயர் வைத்தார்கள். அது அந்தக் காலம், வேறு வழி இல்லை. இங்கே பெற்றவர்கள் கண்ணெதிரே இருக்கும்போதே அவர்களை இல்லாமலாக்கிவிட்டு, வளர்ந்த மனிதனுக்கு வேறு பெயர் ஒட்டலாம் என்கிறார் இவர். அதற்கு மரியாதை என்று பெயர் வைக்கிறார். வெள்ளைக்காரருக்குத் தெரியாதாம். எனக்குத் தெரியுமே. என் மகளுக்குத் தெரியுமே.

“நம்ம வூட்டுலருந்து தொட்டிலுக்குப் போன புள்ளைக்கு இப்ப கண்ணாலம் வயசு” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. “எங்கியோ ஒரு ஊர்ல ஒரு பங்காளிக் கூட்டம் குந்திக்கினு, நீ எந்த வகையறான்னு அதக் கேக்கும். அது இன்னாண்ணா சொல்லும்?”

பெரியவரின் தம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, வண்டி நிறுத்தியிருந்த பக்கம் போனார். பெரியவர் வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நாக்கு நீண்டுபோச்சுடா ஒனக்கு. வெத்தல எடுக்க முடியாது. அந்தப் பேரு பத்திரிகையில இருந்தா நாங்க யாரும் வர மாட்டோம். சாவியும் கெடையாது.”

வீட்டுக்கு வரும் வழியில் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி, “பேசிட்டீங்க” என்றாள். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போய், “பத்திரிகைய அந்தப் பேரோடவே அடிச்சிடுங்க” என்றாள்.

மறுநாள் கள்ளக்குறிச்சி போனேன். பிரஸ்காரர் பத்திரிகையைத் திரையில் திறந்தார்.

“கீழ பங்காளிங்க பேரு வரிசையா போடணுமே, குடுங்க.”

“அது வேணாங்க.”

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். எத்தனையோ குடும்பத்துச் சண்டையை அச்சடித்துப் பார்த்த மனிதர். “அப்ப சுற்றமும் நட்பும்னு போட்டுடறேன்” என்றார். பிறகு, “இந்த எஸ்போசிட்டோ, ஜாதிங்களா?” என்றார்.

“இல்லைங்க. வகையறா.”

“ரெண்டு எடத்துலயும் வருதே?”

“ரெண்டு எடத்துலயும் போடுங்க. எழுத்த கொஞ்சம் பெருசா போடுங்க.”

எல்லாப் பங்காளி வீட்டுக்கும் நானும் மனைவியும் மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்துக்கொண்டு போனோம். பெரியவர் வீட்டையும் விடவில்லை. அவர் கை நீட்டி வாங்கவில்லை. டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதிலேயே கண்ணை வைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வைத்துவிட்டு வந்தோம்.

மருமகனும் அவர் அப்பா அம்மாவும் வந்தார்கள். அவர் அப்பா என்னைப் போலவே அதிகம் பேசாத ஆள். என் தோளில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அம்மாவுக்கு நீண்ட பயணத்தில் கால் வீங்கியிருந்தது. அந்த வீங்கின காலோடு அடுப்படிக்கு வந்து, என் மனைவி தோசை ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கல்யாணத்தன்று கோயில் அறை பூட்டியே இருந்தது. பூசாரி பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உள்ள இருக்கறது ஆயுதந்தான். தாலி கட்டறதுக்கு அரிவா எதுக்கு?” என்றார். பங்காளிகளில் ஆண்கள் பாதிப் பேர் வந்தார்கள். பெண்கள் ஏறக்குறைய எல்லாரும் வந்துவிட்டார்கள். வெள்ளைக்காரரைப் பார்க்க வந்த கூட்டம் என்றான் மனைவியின் தம்பி. இருக்கட்டும். வந்தார்கள் இல்லையா. பெரியவர் வரவில்லை. மகள் நுழைந்ததும் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். யார் யார் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் முகம் ஒரு கணம் சுருங்கியதை நான் பார்த்தேன். அதற்காக அவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மருமகனின் சொந்த அப்பாவும் சொந்த அம்மாவும்தான் மணையில் உட்கார்ந்தார்கள். வழக்கப்படி பூசாரி உரக்கக் கேட்டார், மாப்பிள்ளை எந்த வகையறா என்று. மகள் சொல்லிக்கொடுத்திருப்பாள் போலிருக்கிறது. மருமகனே எழுந்து நின்று, “எஸ்போசிட்டோ வகையறா” என்றார். வகையறாவைச் சொல்வதில்தான் அவருக்கு நாக்கு புரண்டது. பெண்கள் பக்கம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் விஷம் இல்லை. தாலி கட்டியாயிற்று.

சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். மரத்தடிப் பாயில் மகளும் மருமகனும் அவர் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். நான் தண்ணீர்க் குடத்தை எடுக்கப் போனேன். அன்றைக்கு ஓடைப் பக்கம் எழுந்து போன அண்ணி அங்கே வந்து நின்றார். நான் கூட்டத்தில் பேசியது அவர் காதுக்குப் போயிருக்கும் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

“ஒங்க வூட்டுக்காரரு ஊர்ல,” என்று மகளிடம் கேட்டார், “அந்த உருளையில வெச்சிட்டுப் போனவங்க யாராச்சும் திரும்பித் தேடிக்கினு வந்தாங்களான்னு கேளும்மா.”

மகள் கேட்டாள். மருமகன் தன் அம்மாவிடம் கேட்டார். அந்த அம்மா கைகளை ஆட்டி நிதானமாகச் சொன்னார். மகள் தமிழில் சொன்னாள். சில பேர் வந்திருக்கிறார்கள். குழந்தையை வைக்கும்போது அடையாளத்துக்கு ஏதாவது வைத்துவிடுவார்களாம். மாதா படம் போட்ட பதக்கத்தைப் பாதியாக வெட்டி ஒரு பாதியைக் குழந்தை கழுத்தில் கட்டிவிடுவார்கள். ஒன்றும் இல்லாதவர்கள் சீட்டுக்கட்டில் ஒரு சீட்டைக் கிழித்துப் பாதியை வைப்பார்கள். மறுபாதியைத் தாங்கள் வைத்துக்கொள்வார்கள். காலம் நன்றாக வந்தால் அந்தப் பாதியோடு வந்து, இது என் பிள்ளை என்று கேட்பார்களாம்.

அண்ணி கேட்டுக்கொண்டு நின்றார்.

“நான் ஒண்ணும் வெக்கல” என்றார் பிறகு. “ஒரு பழைய பொடவ கிழிசல்ல சுத்தி எடுத்துக்கினு போனேன். அதுவாச்சும் அதுங்கூட இருக்கட்டும்னு நெனச்சேன். அந்தத் துணியையும் பெரியவரு உருவி எடுத்துக்கினு வந்துட்டாரு. நம்ம வூட்டு அடையாளம் எதுவும் அங்க இருக்கக் கூடாதுன்னு.”

மகள் இதை அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே ஏதோ புரிந்ததுபோல, மருமகனின் அம்மா பாயில் நகர்ந்து இடம் விட்டார். அண்ணி உட்கார்ந்தார். என் மனைவி அவருக்கு இலை போட்டாள்.

இந்த வருடத் திருவிழாவுக்கு என் தலைக்கட்டு வரியை வாங்கவில்லை. கூட்டத்தில் பேசியதற்குப் பெரியவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டால் வாங்கிக்கொள்வார்களாம். இரண்டு முறை ஆள் விட்டுவிட்டார்கள். பங்காளி இல்லாமல் நாளைக்கு உன் சாவுக்கு யார் வருவார்கள் என்று வந்தவர் கேட்டார். ஒரு பச்சைக் குழந்தையின் மேல் சுற்றியிருந்த கிழிசலைக்கூட விட்டு வைக்காமல் உருவிக்கொண்டு வந்த மனிதரிடம் நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டேன். வந்தவர் வண்டியைக் கிளப்பினார். நான் போகப்போவதில்லை.